ஒரு கட்டையிலிருந்து இன்னொரு கட்டைக்கு: சுருதி மாற்றம் என்பது என்ன?

மார்கழி விடியற்காலையில் வீதி பஜனையில் பாடியவர்கள் இதை அறிவார்கள். முதலில் எடுத்துக் கொடுப்பவர் உற்சாகத்தில் சற்று உயரமாகத் தொடங்கிவிடுவார். பல்லவி வரைக்கும் எல்லோரும் சேர்ந்து பாடுவார்கள். மெட்டு மேலே ஏறும் இடம் வந்ததும் ஒவ்வொரு குரலாக நின்றுபோய், கடைசியில் முன்வரிசைச் சிறுமிகள் இருவரின் குரல் மட்டும் தனித்துக் கேட்கும். "கட்டை கூடிப்போச்சு, கொஞ்சம் இறக்கி எடுங்க" என்று யாராவது சொல்வார்கள். மறுபடி எடுக்கும்போது அதே பாட்டு, அதே ராகம். ஆனால் ஒவ்வொரு சொல்லும் முன்பு ஒலித்த உயரத்தைவிடத் தாழ்ந்து ஒலிக்கும்.

இப்படி ஒரு மெட்டை முழுவதுமாக ஏற்றியோ இறக்கியோ பாடுவதற்குத்தான் சுருதி மாற்றம் என்று பெயர். பாடுகிறவர்கள் இதற்குக் கணக்கு எதுவும் போடுவதில்லை. தொண்டை தானாகவே செய்துவிடுகிறது. ஆனால் அதே பாட்டை ஆர்மோனியத்திலோ கீபோர்டிலோ இறக்கி வாசிக்கச் சொன்னால், ஓரளவு பழகியவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். சுருதி மாறினால் ராகம் மாறிவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். எத்தனை கட்டையில் பாடுகிறார் என்பதுதான் பாடகரின் திறமைக்கு அளவு என்று சிலர் நினைக்கிறார்கள். சுருதி மாற்றமும், வேறொரு சுரத்தை "ச" என்று கருதி ராகத்தையே மாற்றும் கிரகபேதமும் ஒன்றுதான் என்றும் பேச்சு உண்டு. மூன்றுமே தவறு. ஏன் தவறு என்று புரிந்துகொள்வதற்குச் சங்கீதப் பயிற்சி வேண்டியதில்லை. வாசலில் கோலம் போடுவதைக் கவனித்திருந்தால் போதும்.

## இடம் பெயரும் கோலம்

புள்ளிக் கோலம் போடும்போது முதலில் வாசல் முழுவதும் சம இடைவெளியில் புள்ளிகள் வைக்கப்படுகின்றன. பிறகு ஏதோ ஒரு புள்ளியில் தொடங்கிக் கோடு இழுக்கப்படுகிறது. கோலம் படிக்கு நேராக அமையவில்லை என்று தோன்றினால், அதை அழித்துவிட்டு இரண்டு புள்ளி வலப்பக்கம் தள்ளித் தொடங்கலாம். அப்போது ஒவ்வொரு வளைவும் ஒவ்வொரு சுழியும் சரியாக இரண்டு புள்ளி தள்ளி விழும். கோலம் நிற்கும் இடம்தான் மாறியது, உருவம் மாறவில்லை. ஆனால் எல்லா வளைவுகளையும் இரண்டு புள்ளி தள்ளிவிட்டு, ஒன்றை மட்டும் ஒரு புள்ளி தள்ளினால் கோலம் கோணிப்போகும்.

மெட்டும் இப்படித்தான். நம் காது ஒரு பாட்டை அடையாளம் காண்பது ஒவ்வொரு ஒலியும் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை வைத்து அல்ல. ஓர் ஒலியிலிருந்து அடுத்த ஒலிக்கு எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்பதை வைத்துத்தான். ஒரே தாலாட்டை அம்மா மெல்லிய குரலில் பாடினாலும் தாத்தா கனத்த குரலில் பாடினாலும் குழந்தைக்கு அது தெரிந்த பாட்டாகவே கேட்பதற்கு இதுவே காரணம்.

## சுருதியும் கட்டையும்

இனி சில சொற்களுக்குப் பொருளைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். பாடகர் எந்த ஒலியைத் தம் "ச" என்று வைத்துக்கொள்கிறாரோ அது ஆதார சட்ஜம். கச்சேரி முழுவதும் தம்புரா மீட்டிக்கொண்டிருப்பது அதை நினைவூட்டத்தான். சுருதி என்ற சொல்லுக்குச் சங்கீத நூல்களில் வேறு பொருள்களும் உண்டு. இந்தக் கட்டுரையில் ஆதார சட்ஜத்தின் உயரத்தையே சுருதி என்று சொல்கிறேன். ஒரு "ச"விலிருந்து அதற்கு மேலே உள்ள அடுத்த "ச" வரைக்கும் ஒரு ஸ்தாயி. ஆர்மோனியத்தில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம படிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கறுப்பு வெள்ளை பாராமல் ஒரு கட்டையிலிருந்து பக்கத்துக் கட்டைக்குப் போகும் தூரம் ஒரு படி. அதற்கு அரைச்சுரம் என்று பெயர்.

கட்டை என்பது ஆர்மோனியத்தில் விரல் வைத்து அழுத்தும் பலகைதான். ஏழு வெள்ளைக் கட்டைகளுக்கு 1 முதல் 7 வரை எண்கள். மேற்கத்திய முறையில் சி என்பது 1 கட்டை, டி என்பது 2 கட்டை, ஜி என்பது 5 கட்டை. இடையில் உள்ள கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை என்று பெயர். இந்த வரிசையில் மூன்றரை இல்லை என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது வெள்ளைக் கட்டைக்கும் நான்காவதுக்கும் நடுவில் கறுப்புக் கட்டை கிடையாது. அதைப்போலவே ஏழுக்கும் மேல் ஸ்தாயியின் ஒன்றுக்கும் நடுவிலும் கிடையாது. சுருதி மாற்றத்தில் ஏற்படும் குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு இடங்களில்தான் பிறக்கின்றன.

ஆகவே கட்டை எண் ஒரு முகவரி. அது தூரத்தின் அளவு அல்ல. 1 கட்டையிலிருந்து 3 கட்டைக்கு நான்கு அரைச்சுரம். 3 கட்டையிலிருந்து 5 கட்டைக்கு மூன்று அரைச்சுரம்தான். இரண்டுமே "இரண்டு கட்டை ஏற்றம்" என்று காதில் விழுகிறது. ஆனால் தூரம் வேறு.

கட்டை எண் திறமையின் அளவும் அல்ல. ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையைச் சுற்றியும் பெண்கள் 5 கட்டையைச் சுற்றியும் சுருதி வைத்துக்கொள்கிறார்கள் என்றால், அதற்குக் காரணம் குரல்நாண்களின் நீளமும் தடிமனும்தான். ஒலிபெருக்கி பரவாத நாடக மேடைக் காலத்தில், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பதால் உச்சக் குரலுக்குத் தனி மதிப்பு இருந்தது. எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலை இன்றைக்கும் வியந்து பேசுவதில் நியாயம் உண்டு. ஆனால் அந்த வியப்பிலிருந்து, தாழ்ந்த சுருதியில் பாடுகிறவர் தாழ்ந்தவர் என்ற முடிவுக்கு வருவது பெரிய அநியாயம். "எட்டுக் கட்டைக் குரல்" என்று புகழும்போது அந்த எட்டு, மேல் ஸ்தாயியின் ஒன்றே அல்லாமல் வேறு இல்லை.

இதுவரை சொன்னதைத் திரட்டினால்: ஆதார சட்ஜம் எங்கே நிற்கிறதோ அதுவே சுருதி, கட்டை அதன் முகவரி, தூரத்தை அளக்க அரைச்சுரம்தான் அளவுகோல்.

## மோகனம் சிவரஞ்சனி ஆனது

வீட்டில் கீபோர்டு பழகிக்கொண்டிருந்த ஒரு சிறுமியை எனக்குத் தெரியும். மோகன ராகத்தை 1 கட்டையில் அழகாக வாசிப்பாள். அது எளிது: 1, 2, 3, 5, 6 என்ற ஐந்து வெள்ளைக் கட்டைகளே போதும், கறுப்பைத் தொட வேண்டியதே இல்லை. ஒருநாள் பள்ளி விழாவுக்காக 2 கட்டையில் வாசிக்கச் சொன்னார்கள். அவள் யோசித்து, ஒவ்வொரு விரலையும் ஒரு வெள்ளைக் கட்டை வலப்பக்கம் நகர்த்தி 2, 3, 4, 6, 7 என்று வாசித்தாள். அடுக்களையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "என்னடி, பாட்டு அழற மாதிரி இருக்கு?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அவர் காது சொன்னது சரி. சிறுமி வாசித்தது மோகனம் அல்ல, சிவரஞ்சனி. இரண்டுக்கும் இடையே ஒரே ஒரு சுரம்தான் வேறு. மோகனத்தில் வருவது அந்தர காந்தாரம் என்னும் உயர்ந்த "க", சிவரஞ்சனியில் வருவது சாதாரண காந்தாரம் என்னும், அதற்கு ஓர் அரைச்சுரம் தாழ்ந்த "க".

அவள் செய்த பிழை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மோகனத்தில் ச–ரி இரண்டு அரைச்சுரம், ரி–க இரண்டு, க–ப மூன்று, ப–த இரண்டு, த–மேல் ச மூன்று. 2 கட்டையை "ச" ஆக்கினால் "ரி" 3 கட்டையில் விழுகிறது. அங்கிருந்து இரண்டு அரைச்சுரம் ஏறினால் 4 கட்டையைத் தாண்டி நாலரைக் கறுப்பில்தான் "க" நிற்க வேண்டும். சரியான வரிசை 2, 3, 4½, 6, 7. மற்ற நான்கும் தற்செயலாகச் சரியாக அமைந்துவிட, ஒன்று மட்டும் அரைச்சுரம் குறைந்து ராகத்தையே மாற்றிவிட்டது. கோலத்தில் ஒரு வளைவு ஒரு புள்ளி கோணியது என்று முன்பு சொன்னது இதைத்தான். கறுப்புக் கட்டைகளும் புள்ளிகள்தான். கண்ணுக்கு வெள்ளை வரிசை மட்டும் பெரிதாகத் தெரிவதால் அவற்றை எண்ணாமல் விட்டுவிடுகிறோம்.

எனவே, சுருதி மாறினால் ராகம் மாறும் என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது உண்மையாகவே மாறிப்போன ராகமாக இருந்திருக்கும். ஆனால் அதற்குக் காரணம் சுருதி மாற்றம் அல்ல, அரைகுறையாகச் செய்த சுருதி மாற்றம்.

## எண்ணிப் பார்க்கும் முறை

சரளி வரிசை என்னும் தொடக்கப் பயிற்சியைக் கற்றவர்களுக்கு மாயாமாளவகௌளை ராகம் பழக்கமானது. அதன் தூரங்கள் ச–விலிருந்து வரிசையாக 1, 3, 1, 2, 1, 3, 1 அரைச்சுரங்கள். கூட்டினால் 12, அதாவது ஒரு ஸ்தாயி. 1 கட்டையில் இது 1, 1½, 3, 4, 5, 5½, 7, மேல் 1. இதையே 5 கட்டைக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், 5 கட்டையில் விரலை வைத்து அதே தூரங்களை எண்ணிக்கொண்டே போக வேண்டும்: 5, 5½, 7, மேல் 1, மேல் 2, மேல் 2½, மேல் 4½, மேல் 5. முதல் வரிசையில் இரண்டு கறுப்பு, இரண்டாவதில் மூன்று. நிறங்களின் அமைப்பு மாறிவிட்டது. தூரங்களின் அமைப்பு அப்படியே இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் ராகத்தின் கட்டைகளை மனப்பாடம் செய்வதைவிட அதன் தூரங்களை மனப்பாடம் செய்வது பன்னிரண்டு மடங்கு பயன் தரும். ஒரே வரிசை பன்னிரண்டு சுருதிக்கும் பொருந்தும்.

கீபோர்டில் இந்த எண்ணிக்கையை நமக்காகச் செய்யும் டிரான்ஸ்போஸ் பொத்தான் உண்டு. அதில் காட்டும் எண் கட்டை அல்ல, அரைச்சுரம். 1 கட்டையில் விரல் வைத்துக்கொண்டு 5 கட்டையில் ஒலிக்க வேண்டும் என்றால் +7 என்று வைக்க வேண்டும், +4 என்றோ +5 என்றோ அல்ல. கீழ் ஸ்தாயியின் 5 கட்டை வேண்டும் என்றால் −5. ஏறும்போது ஏழும் இறங்கும்போது ஐந்துமாகச் சேர்ந்து ஒரு ஸ்தாயியின் பன்னிரண்டு படிகள் ஆகின்றன.

## கூட்டல் அல்ல, பெருக்கல்

இவ்வளவு நேரம் படிகளை எண்ணினோம். ஒலி என்ற அளவில் அங்கே என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஒலியின் உயரம் என்பது ஒரு வினாடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண்ணிக்கை. அதற்கு அதிர்வெண் என்று பெயர். ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரு மடங்காகும்.

நான்கு பேருக்குச் சாம்பார் வைக்க ஒரு தம்ளர் பருப்பும் இரண்டு தேக்கரண்டி உப்பும் போடும் வீட்டில், ஆறு பேர் வந்தால் எல்லாவற்றையும் ஒன்றரை மடங்காக்குகிறோம்: ஒன்றரைத் தம்ளர் பருப்பு, மூன்று தேக்கரண்டி உப்பு. "பருப்பில் அரை கூடியது, ஆகவே உப்பிலும் அரை கூட்டு" என்று இரண்டரைத் தேக்கரண்டியோடு நிறுத்தினால் ருசி கெட்டுவிடும். மெட்டும் விகிதம் மாறாத சமையல்தான். ஆண்குரலின் 1 கட்டைச் சட்ஜம் ஏறத்தாழ 130.8 அதிர்வுகள், அதன் அந்தர காந்தாரம், அதாவது 3 கட்டை, 164.8. பெண்குரலின் 5 கட்டைச் சட்ஜம் 196. முன்னதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. காந்தாரத்தையும் அதே மடங்கில் பெருக்கினால் ஏறத்தாழ 246.9 வருகிறது, அது சரியாக 7 கட்டை, 5 கட்டைச் சுருதியின் அந்தர காந்தாரம். மாறாக, 130.8க்கும் 196க்கும் உள்ள வித்தியாசமான 65.2ஐக் காந்தாரத்தோடு வெறுமனே கூட்டினால் 230 வருகிறது. இது சாதாரண காந்தாரத்துக்குப் பக்கத்தில் போய் விழுகிறது. அந்தச் சிறுமியின் சிவரஞ்சனி இந்த வழியாகவும் எட்டிப் பார்க்கிறது.

சுருக்கமாக, கட்டைகளில் எண்ணும்போது எல்லாச் சுரங்களும் ஒரே எண்ணிக்கையில் நகர வேண்டும். அதிர்வெண்ணில் பார்க்கும்போது எல்லாம் ஒரே மடங்கில் பெருக வேண்டும். இரண்டும் ஒரே செயலைச் சொல்லும் இரண்டு வழிகள்.

பழைய இசைத்தட்டை 33⅓ சுற்றுக்குப் பதிலாக 45 சுற்றில் ஓடவிட்டாலும் எல்லா அதிர்வெண்களும் ஒரே மடங்கில், 1.35 மடங்காக, பெருகுகின்றன. ஆகவே பாட்டு ஐந்து அரைச்சுரத்துக்குச் சற்று மேலாக ஏறுகிறது, ராகம் மாறுவதில்லை. ஆனால் அதனுடன் வேகமும் கூடுகிறது, குரலின் இயல்பும் கீச்சென்று ஆகிவிடுகிறது. பாடகர் தாமே ஏற்றிப் பாடும்போது தாளத்தின் வேகம் அப்படியே இருக்கும்; அவருடைய வாய், தொண்டை ஆகியவற்றின் அளவும் மாறுவதில்லை என்பதால் குரல் அவர் குரலாகவே இருக்கும்.

## வாத்தியக்காரர்கள் என்ன செய்கிறார்கள்?

நம் வாத்தியங்களில் பல, விரலின் பழக்கத்தை மாற்றாமல் வாத்தியத்தையே மாற்றிக்கொள்ளும் வகையைச் சேர்ந்தவை. புல்லாங்குழல் கலைஞர் ஒரு பை நிறையக் குழல்களோடு மேடைக்கு வருவதைப் பார்த்திருக்கலாம். நீளமான மூங்கில் தாழ்ந்த சுருதி, குட்டையான மூங்கில் உயர்ந்த சுருதி. எந்தக் குழலை எடுத்தாலும் "ச"வுக்கு விரல் வைக்கும் முறை ஒன்றுதான். நாகசுரத்தில் குட்டையான திமிரி உயர்ந்து ஒலிக்கும், நீண்ட பாரி தாழ்ந்து ஒலிக்கும். பாரியைப் பரவச் செய்த பெருமை திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளைக்கு உண்டு. வயலின் கலைஞர் பாடகரின் சுருதிக்கு ஏற்ப நான்கு தந்திகளையும் ச, ப, ச, ப என்று கூட்டிக்கொள்கிறார். மிருதங்கத்தின் வலந்தலையும் சட்ஜத்தோடு சேர வேண்டும். ஒரே மிருதங்கத்தை எவ்வளவு தட்டிக் கூட்டினாலும் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. அதனால் ஆண்குரலுக்கு ஏற்ற தாழ்ந்த சுருதிக்குத் தக்கு மிருதங்கம், பெண்குரலுக்கு ஏற்ற உயர்ந்த சுருதிக்கு ஹெச்சு மிருதங்கம் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். கித்தாரில் கழுத்தின் குறுக்கே கேப்போ என்னும் கவ்வியைப் பொருத்துவதும் இதே நோக்கத்துக்குத்தான்.

நம் சுரக் குறிப்பும் இந்த வகையே. "ச ரி க ப" என்று எழுதியிருப்பது எந்தக் கட்டை என்று சொல்வதில்லை. ஆகவே சுருதி மாறினாலும் நோட்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். மேற்கத்திய ஐங்கோட்டுக் குறிப்பு குறிப்பிட்ட ஒலியையே எழுதுவதால், சுருதி மாறும்போது முழுவதும் திரும்ப எழுதப்படுகிறது. நம் முறையில் உள்ள இந்த வசதியை நாம் போதிய அளவுக்கு உணர்ந்து பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

## கிரகபேதம் வேறு

குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். கிரகபேதத்தைச் சுருதிபேதம் என்றும் சொல்வதுண்டு. பேதம் என்றால் மாற்றம்தானே, ஆகவே சுருதி மாற்றமும் இதுவும் ஒன்றே என்று நினைப்பது இயற்கை. ஆனால் நடப்பது வேறு. சுருதி மாற்றத்தில் "ச" நகர்கிறது, அதனுடன் மற்ற எல்லாச் சுரங்களும் நகர்கின்றன. கிரகபேதத்தில் கட்டைகள் எதுவும் நகர்வதில்லை. அவற்றில் எதை "ச" என்று கருதுகிறோம் என்பது மட்டும் மாறுகிறது.

மோகனத்தின் 1, 2, 3, 5, 6 என்ற அதே ஐந்து கட்டைகளை வைத்துக்கொண்டு, 2 கட்டையை "ச" என்று நினைத்து வாசித்தால் மத்தியமாவதி கேட்கிறது. 3 கட்டையை நினைத்தால் இந்தோளம், 5 கட்டையை நினைத்தால் சுத்தசாவேரி, 6 கட்டையை நினைத்தால் சுத்ததன்யாசி. தெருவில் அதே ஐந்து வீடுகள். எந்த வீட்டு வாசலில் நின்று பார்க்கிறோமோ அதற்கேற்பப் பக்கத்து வீடும் எதிர் வீடும் மாறுவதைப் போன்றது இது. தூரங்களின் வரிசை வேறோர் இடத்தில் தொடங்குவதால் ராகம் மாறுகிறது.

பழந்தமிழ் இசை இதை நன்றாக அறிந்திருந்தது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்ற ஏழு சுரங்களில் ஒவ்வொன்றையும் மாறி மாறிக் குரலாக, அதாவது ஆதாரமாகக் கொண்டு ஏழு பாலைகளைப் பெற்றார்கள். குரலே குரலானால் செம்பாலை. துத்தம் குரலானால் படுமலைப்பாலை. இது பண்ணையே, அதாவது ராகத்தையே, மாற்றும் வழி. பஜனையில் இறக்கி எடுப்பது பண்ணைக் காப்பாற்றிக்கொண்டு இடத்தை மட்டும் மாற்றும் வழி.

## எந்தக் கட்டையில் எடுப்பது?

ஒரு பாட்டுக்குச் சுருதி தேர்ந்தெடுக்கும்போது பலரும் செய்யும் தவறு, பல்லவியை மட்டும் பாடிப் பார்த்து முடிவு செய்வது. பல்லவி பெரும்பாலும் நடு ஸ்தாயியில் வசதியாக அமைந்திருக்கும். பார்க்க வேண்டியவை இரண்டு ஓரங்கள். பாட்டு கீழே மந்திர ஸ்தாயிப் பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயியின் "ப" வரை இறங்கி, மேலே தார ஸ்தாயி, அதாவது மேல் ஸ்தாயியின் அந்தர காந்தாரம் வரை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். "ச"வுக்குக் கீழே 5, அதற்கு மேலே 12, அதற்கும் மேலே 4, ஆக மொத்தம் 21 அரைச்சுரம். ஒன்றே முக்கால் ஸ்தாயி. சுருதியை எங்கே வைத்தாலும் இந்த நீளம் குறையாது. உங்கள் குரலின் நீளத்துக்குள் அதைப் பொருத்த மட்டுமே சுருதி மாற்றத்தால் முடியும்.

ஆகவே முதலில் பாட்டின் மிக உயர்ந்த வரியைப் பாடிப் பாருங்கள். கழுத்து நரம்பு புடைக்காமல் அந்த இடத்தில் நின்று நீட்ட முடிகிறதா என்று கவனியுங்கள். பிறகு மிகத் தாழ்ந்த வரியைப் பாடிப் பாருங்கள். ஒலி காற்றாகிப் போகாமல் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். மேலே சிரமம் என்றால் ஓர் அரைச்சுரம் இறக்குங்கள், கீழே சிரமம் என்றால் ஓர் அரைச்சுரம் ஏற்றுங்கள். ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் இடத்தில் இருவருக்கும் ஒரே கட்டை முழு வசதியாக அமைவது அரிது. அங்கே யாருடைய வரிகள் உச்சத்துக்குப் போகின்றன என்று பார்த்து, அவருக்குப் பொருந்துமாறு வைக்க வேண்டும். முடிவான கட்டையை நோட்டில் ராகம், தாளத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். வயதோடு குரல் இறங்கும்போது அழித்துவிட்டு வேறு எண் எழுதிக்கொள்ளலாம். அதற்குக் கீழே உள்ள சுர வரிகளைத் தொட வேண்டியதில்லை.